சுவரும் ஒரு ஸ்பீக்கர்தான்

சவுண்ட்பார் வாங்கலாமா, ஹோம் தியேட்டர் வாங்கலாமா? இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்த ஒரே கேள்வியோடுதான் தொடங்குகின்றன. நான் இருபத்தாறு ஆண்டுகளாகப் பிறர் வீட்டுக் கூடங்களில் ஸ்பீக்கர் பொருத்துகிறவன். அதற்கு முன் ஆறு ஆண்டுகள் ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வீட்டுக்குள் போனதும் நான் டிவியைப் பார்ப்பதில்லை. கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுவேன். அந்தச் சத்தம் அங்கேயே அடங்குகிறதா, சுவருக்குச் சுவர் ஓடிக் கொஞ்சம் கழித்து அடங்குகிறதா என்று கேட்பேன். என்ன வாங்கலாம் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும். இப்போதும் அப்படித்தான்: கடிதங்களில் கருவியைப் பற்றி எழுதியிருந்ததை ஒருமுறை படித்தேன், அறையைப் பற்றி எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன்.

கேள்வி: எங்கள் கூடம் 14 அடிக்கு 12 அடி. டிவியைப் பார்த்து உட்கார்ந்தால் வலப்பக்கம் முழுச் சுவர். இடப்பக்கம் சாப்பாட்டு அறைக்குத் திறந்த வழி. ஐந்து ஸ்பீக்கர், கனத்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர், தரையெல்லாம் ஒயர். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரு சவுண்ட்பார் வைக்க நினைக்கிறேன். ஆனால் டிவிக்குக் கீழே கிடக்கும் ஒரு நீளப் பெட்டியிலிருந்து முதுகுக்குப் பின்னால் எப்படிச் சத்தம் வரும்? இது ஏமாற்று வேலைதானே?
— ஒயரில் இருமுறை தடுக்கி விழுந்த வாசகர்

பதில்: ஏமாற்று வேலை இல்லை. ஆனால் விளம்பரம் பாதியைத்தான் சொல்கிறது. மீதிப் பாதி உங்கள் சுவரில் இருக்கிறது.

சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை நாம் எப்படி அறிகிறோம்? இடப்பக்கம் நின்று ஒருவர் கூப்பிட்டால், அந்தக் குரல் முதலில் இடது காதை எட்டுகிறது. தலையைச் சுற்றி வலது காதுக்குப் போக அதற்கு அதிகம் போனால் 0.7 மில்லி விநாடிதான் கூடுதலாகும். அந்த இடைவெளியை மூளை அளந்துவிடுகிறது. தலை மறைப்பதால் வலது காதில் சத்தம் சற்று மங்கலாகவும் விழுகிறது. முன்னாலா பின்னாலா, மேலா கீழா என்பதற்குக் காதுமடலின் மடிப்புகள் துப்புக் கொடுக்கின்றன. இந்த மூன்று அடையாளங்களையும் உண்டாக்கிவிட்டால், அங்கே ஸ்பீக்கர் இல்லாவிட்டாலும் ஸ்பீக்கர் இருப்பதாக மூளை ஏற்றுக்கொள்ளும்.

சவுண்ட்பார்கள் இதை இரண்டு வழிகளில் செய்கின்றன. முதலாவது, ஒலியை ஒரு கற்றையாகத் திரட்டிச் சுவரில் அடிப்பது. குளக்கரையில் வரிசையாக நிற்பவர்கள் ஒருவர் பின் ஒருவராக இம்மி இடைவெளி விட்டுக் கல் போட்டால், அலைகள் கூடிச் சாய்வாக ஒரு பக்கம் போகும் அல்லவா? அதே வேலையைச் சின்னச் சின்ன ஸ்பீக்கர்களை வரிசையாக வைத்துச் செய்யலாம். 2000களின் நடுவில் யமஹா நிறுவனம் 40 சிறு ஸ்பீக்கர்களை ஒரே பெட்டியில் அடுக்கி இப்படி ஒரு கருவியைக் கொண்டுவந்தது. கேரம் பலகையில் காயை ஓரக்கட்டையில் அடித்துத் திருப்புவது போல, அது ஒலியைப் பக்கச் சுவரில் அடித்து உங்கள் காதுக்குத் திருப்பியது.

இரண்டாவது வழி கணக்கு. வலது ஸ்பீக்கரின் ஒலி இடது காதுக்கும் கசியும். அந்தக் கசிவுக்கு நேர் எதிரான ஒலியை இடது ஸ்பீக்கரிலிருந்து அனுப்பி அதை அழிப்பது. பெல் ஆய்வகத்தில் பிஷ்ணு அடலும் மன்ஃபிரட் ஷ்ரோடரும் 1960களிலேயே இதைச் செய்து காட்டினார்கள். இதற்குச் சுவர் வேண்டாம். ஆனால் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குத்தான் கணக்குச் சரியாக விழும். தலையைக் கொஞ்சம் நகர்த்தினாலே கலைந்துவிடும். மூன்று பேர் உட்காரும் சோபாவில் ஓரத்தில் இருப்பவர்களுக்கு அது ஒரு நல்ல ஸ்டீரியோ, அவ்வளவுதான்.

சுவரில் அடிக்கும் வழியிலும் ஒரு தடை உண்டு. ஒரே ஒலி இரண்டு பக்கமிருந்து வந்தால், முதலில் வந்த பக்கத்தையே காது நம்பும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஆய்வாளர் 1949இல் இதை அளந்து எழுதினார். அவர் பெயராலேயே இதை ஹாஸ் விளைவு என்கிறோம். சவுண்ட்பாரிலிருந்து நேராகக் கசியும் ஒலி 3 மீட்டர் கடந்து வருகிறது, சுவரில் பட்டு வருவது 5 மீட்டர் கடந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராக வருவது சுமார் 6 மில்லி விநாடி முந்திக்கொள்ளும். அதை மீறிச் சுவரை நம்பவைக்க வேண்டுமானால், சுவரிலிருந்து வரும் ஒலி நன்றாகவே உரத்திருக்க வேண்டும். எனவே சுவர் கெட்டியாக, வெறுமையாக இருக்க வேண்டும். அங்கே திரைச்சீலை தொங்கினால் கற்றை அதில் அடங்கிவிடும். புத்தக அலமாரி இருந்தால் சிதறிவிடும். வாசல் இருந்தால் அடுத்த அறைக்குப் போய்விடும்.

இதைப் பார்க்க ஒரு கண்ணாடி போதும். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரை ஒட்டி, உங்கள் காது உயரத்தில் பிடித்தபடி மெல்ல நகரட்டும். டிவியின் அடிப்பகுதி கண்ணாடியில் உங்களுக்குத் தெரியும் இடமே ஒலி திரும்பும் இடம். அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

உங்கள் வீட்டில் வலப்பக்கம் சுவர் தெரியும், இடப்பக்கம் சாப்பாட்டு மேசை தெரியும். படத்தில் பின்னால் வரும் கார் வலப்பக்கம் ஓடும், இடப்பக்கம் வந்ததும் டிவிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஆகவே, தனியாக இரண்டு பின் ஸ்பீக்கர்களோடு வரும் சவுண்ட்பார் வாங்குங்கள். தரையில் ஓடும் நீள ஒயர்கள் போய்விடும், பின்னால் உண்மையாகவே ஒலி இருக்கும். ஒற்றைப் பெட்டி உங்கள் கூடத்துக்கு ஆகாது.

கேள்வி: 3.1, 5.1.2, 7.1.4, 11.1.4 என்று அட்டைப்பெட்டிகளில் போட்டிருக்கிறார்கள். எண் பெரிதானால் நல்லதா?
— கல்லூரி மாணவி

பதில்: முதல் எண் காது மட்டத்தில் உள்ள ஒலிவழிகள். நடு எண் சப்வூஃபர். மூன்றாம் எண் உயரத்திலிருந்து வரவேண்டியவை. தனித்தனி ஸ்பீக்கர் வைக்கும்போது 5.1 என்றால் கூடத்தில் ஆறு பெட்டிகளை எண்ணிக் காட்டலாம். சவுண்ட்பாரில் அந்த எண் பெட்டிக்குள் எத்தனை தடங்கள் ஓடுகின்றன என்பதையே சொல்கிறது. ஒலி எத்தனை திசையிலிருந்து வரும் என்பதை அது சொல்லாது. பதினொன்று என்று போட்டிருந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை ஒரு மீட்டர் நீளத்துக்குள் தோளோடு தோள் உரசிக்கொண்டு இருக்கும். கடைக்காரரிடம், "அட்டையைப் பிரித்தால் எத்தனை உருப்படி வெளியே வரும்?" என்று மட்டும் கேளுங்கள். ஒன்றா, இரண்டா, நான்கா? எனக்கு அந்த எண்தான் முக்கியம்.

உயரத்து ஒலி பற்றி ஒரு வார்த்தை. டால்பி அட்மாஸ் என்ற ஒலிமுறை 2012இல் திரையரங்குக்கு வந்தது, 2014இல் வீட்டுக்கு வந்தது. அதற்கு முன் ஒலியமைப்பாளர் ஒரு பறவையின் ஒலியை ‘பின் இடது ஸ்பீக்கர்’ என்று எழுதிவைப்பார். அட்மாஸில் அந்தப் பறவை அறையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று குறித்துவைக்கலாம். உங்களிடம் இருக்கும் ஸ்பீக்கர்களை வைத்து அந்த இடத்தை எப்படிக் காட்டுவது என்பதைக் கருவி பார்த்துக்கொள்ளும். அழகான ஏற்பாடு அது. ஒலியமைப்பாளர்களுக்குக் கிடைத்த பெரிய விடுதலை என்றே சொல்வேன். ஆனால் சவுண்ட்பாரின் மேல்முகத்தில் இருக்கும் ஸ்பீக்கர், பறவையை உங்கள் தலைக்கு மேல் காட்டக் கூரையில் அடித்துத் திருப்பவேண்டும். கூரை தட்டையாக, கெட்டியாக, அதிக உயரமில்லாமல் இருந்தால் நடக்கும். சாய்ந்த கூரை, ஓட்டுக்கூரை, சத்தத்தை உறிஞ்சும் பலகை பதித்த கூரை என்றால் அந்த மூன்றாம் எண்ணுக்குக் காசு கொடுக்காதீர்கள். டிவி மேசையின் தட்டுக்குள் சவுண்ட்பாரைத் தள்ளிவைத்தாலும் அதே கதிதான். மேல் பலகையில் முட்டிப் பறவை அங்கேயே நின்றுவிடும்.

கேள்வி: எனக்கு 71 வயது. ஓய்வு பெற்ற ஆசிரியர். புதிய டிவி வந்ததிலிருந்து பேச்சு புரிவதில்லை. சத்தத்தைக் கூட்டினால் இசையும் வெடிச்சத்தமும் வீட்டை அதிரவைக்கின்றன, பேரப்பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். மகன் சுற்றிலும் ஸ்பீக்கர் வைக்கும் பெரிய சரவுண்ட் செட் வாங்கித் தருகிறேன் என்கிறான். அதனால் சரியாகிவிடுமா?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் அம்மா நினைவுக்கு வந்தார். அவரும் இதே வயதில், "சத்தம் கேட்கிறது, சொல் கேட்கவில்லை" என்பார். நாங்கள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனோம். அவர் கேட்டது அதை அல்ல என்பது எனக்குப் புரிய, தொழில் தெரிந்த எனக்கே, இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்த இரண்டு ஆண்டுகளில் அவர் மெல்ல மெல்ல டிவி பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். அதனால் உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் பாடம் நடத்தியவர், உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை: உயிரெழுத்தில் ஓசை இருக்கிறது, சொல்லை அடையாளம் காட்டுவது மெய்யெழுத்து. ‘பட்டம்’, ‘கட்டம்’, ‘சட்டம்’ மூன்றுக்கும் வேறுபாடு முதல் மெய்யில்தான். உயிரின் ஓசை கீழ் அதிர்வெண்களில் பலமாக இருக்கிறது. வல்லின மெய்களைப் பிரித்துக்காட்டும் நுண்ணொலிகள் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே, மிக மெலிதாக இருக்கின்றன. வயதாகும்போது காது முதலில் இழப்பது அந்த மேல் அதிர்வெண்களை. ஆக உயிர் கேட்கிறது, மெய் நழுவுகிறது.

அதன் மேல் புதிய டிவியின் குறை சேர்கிறது. பழைய டிவியில் ஸ்பீக்கர் முகத்தைப் பார்த்து இருந்தது. இப்போதைய மெல்லிய டிவிகளில் அது அடியிலோ முதுகிலோ ஒளிந்திருக்கிறது. பேச்சு முதலில் சுவரையோ மேசையையோ பார்த்துப் போய், அங்கே பட்டுச் சிதறி உங்களிடம் வருகிறது. மேல் அதிர்வெண்கள்தான் ஒரு நேர்கோட்டைப் பிடித்துப் போகிறவை. அவற்றை எதிர்த்திசையில் அனுப்பிவிட்டு எதிரே இருப்பவர் கேட்கவேண்டும் என்றால் எப்படி?

உங்களுக்கு வேண்டியது சரவுண்ட் அல்ல. நடு ஸ்பீக்கர். படங்களின் ஐந்து வழி ஒலியில் பேச்சு பெரும்பாலும் நடுவழியிலேயே பதிவாகியிருக்கிறது. அதற்கென்று தனி ஸ்பீக்கர் உள்ள சவுண்ட்பார், அதாவது முதல் எண் மூன்றோ அதற்கு மேலோ உள்ளது, போதும். 2.1 என்று போட்டதை வாங்காதீர்கள். அதில் நடு ஸ்பீக்கர் இல்லை. வாங்கியதும் நடுவழியின் அளவை மட்டும் மூன்று நான்கு படி கூட்டச் சொல்லுங்கள். பேச்சைத் தெளிவாக்கும் அமைப்பு இருந்தால் அதைப் போடுங்கள். இரவு அமைப்பு என்று ஒன்று இருக்கும். அது வெடிச்சத்தத்தை அடக்கி மெல்லிய பேச்சைத் தூக்கிக்கொடுக்கும். பெயர்தான் இரவு, பகலிலும் போடலாம். சப்வூஃபரைப் பாதியாகக் குறையுங்கள், ஏனென்றால் கனத்த ஒலி மெல்லிய மெய்களை மூடிவிடும். பெட்டியை மேசையின் முன்விளிம்புக்கு இழுத்து வையுங்கள். உள்ளே தள்ளிவைத்தால் மேசைப் பலகையே பேச்சைக் கலக்கிவிடும்.

மகனிடம் சொல்லுங்கள்: மிச்சமாகும் பணத்தில் முதலில் உங்களைக் காது மருத்துவரிடம் அழைத்துப் போய்ச் செவித்திறன் சோதிக்கட்டும். இதைத் தள்ளிப்போட வேண்டாம் ஐயா. நாங்கள் தள்ளிப்போட்டோம்.

கேள்வி: வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. ஒயரே இல்லாத பின் ஸ்பீக்கர் உண்டா?
— இடம் மாறிக்கொண்டே இருக்கும் குடும்பம்

பதில்: ‘ஒயர்லெஸ்’ என்று எழுதியிருந்தாலும் ஒலிக்கான ஒயர் மட்டும்தான் இல்லை. மின்சாரத்துக்கு ஒயர் வேண்டும். சோபாவுக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், சவுண்ட்பாரின் இரு முனைகளையும் கழற்றிப் பின்னால் கொண்டுபோய் வைக்கக்கூடிய, பேட்டரியில் ஓடும் வகையைத் தேடுங்கள். படம் முடிந்ததும் திரும்ப முனையில் மாட்டினால் சார்ஜ் ஆகிவிடும். அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்குச் சவுண்ட்பாரை நான் மனமார்ந்து பரிந்துரைக்கிறேன். ஒரு பெட்டி, ஒரு கேபிள், அரை மணி நேரம். புது வீட்டில் அன்று இரவே படம் பார்க்கலாம். தானாக அறையை அளந்துகொள்ளும் வசதி இருந்தால் வீடு மாறும் ஒவ்வொரு முறையும் அதை மறுபடி ஓடவிடுங்கள். பழைய வீட்டுச் சுவரின் கணக்கு புது வீட்டுக்குப் பொருந்தாது.

கேள்வி: பதினெட்டு ஆண்டுப் பழைய 5.1 செட் என்னிடம் இருக்கிறது. ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவர் பெட்டியில் எச்.டி.எம்.ஐ. கேபிள் துளை இல்லை. சப்வூஃபர் உறுமுகிறது. "தூக்கிப் போட்டுவிட்டுச் சவுண்ட்பார் வாங்குங்கள்" என்கிறார்கள். மனம் வரவில்லை.

பதில்: மனம் சொல்வதைக் கேளுங்கள். தூக்கிப் போடாதீர்கள்!

உறுமுவது பெரும்பாலும் கூம்பின் விளிம்பில் இருக்கும் நுரைப்பட்டையாக இருக்கும். பத்திருபது ஆண்டுகளில் அது பொடிந்து உதிர்கிறது. முன்துணியைக் கழற்றி விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பாகவோ தூளாகவோ கையில் ஒட்டினால் அதுதான். கூம்பும் காந்தமும் சுருளும் நன்றாக இருக்கும்போதே இது மட்டும் போய்விடும். அந்த விளிம்பை மட்டும் மாற்றலாம். கை பழகியவருக்கு ஒரு மாலை வேலை. நானே நூற்றுக்கணக்கில் ஒட்டியிருக்கிறேன்.

எச்.டி.எம்.ஐ. இல்லாவிட்டால் என்ன? டிவியின் பின்னால் ஆப்டிகல் துளை இருக்கிறதா, ரிசீவரிலும் இருக்கிறதா என்று பாருங்கள். 1983இல் தோஷிபா கொண்டுவந்த அந்த ஒளியிழைக் கேபிளில் 5.1 டால்பி டிஜிட்டல் தாராளமாகப் போகும். டிவியின் ஒலி அமைப்பில் டால்பி டிஜிட்டல் என்று தேர்ந்தெடுத்தால் உங்கள் ஐந்து பெட்டிகளும் பாடும். அட்மாஸ் மட்டும் அந்த வழியில் வராது.

எல்லா ஸ்பீக்கரிலும் சிவப்பு ஒயர் சிவப்பிலும் கறுப்பு கறுப்பிலும் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள். ஒன்று மாறியிருந்தால் ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். கனத்த ஒலி காணாமல் போய், குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. செட் கெட்டுவிட்டது என்று சொல்லி என்னைக் கூப்பிட்ட வீடுகளில் பல முறை இதை மட்டும் மாற்றிவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

சவுண்ட்பாரின் மேல் எனக்கு இருக்கும் உண்மையான மனக்குறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டில் நான் விரும்பிப் பரிந்துரைத்து வைத்த சவுண்ட்பார் நான்காம் ஆண்டில் நின்றுபோனது. உள்ளே இருந்த பலகை ஒன்று எரிந்திருந்தது. அந்தப் பலகை இனி வராது என்று நிறுவனம் கைவிரித்துவிட்டது. உள்ளே இருந்த ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக இணைத்துப் பார்த்தேன். அத்தனையும் நன்றாக ஒலித்தன. அத்தனையும் குப்பைக்குப் போயின. தனித்தனிப் பெட்டிகளில் ரிசீவர் போனால் ரிசீவரை மாற்றலாம். ஒரு ஸ்பீக்கர் போனால் அதை மட்டும் மாற்றலாம். சவுண்ட்பாரில் எல்லாம் ஒரே உயிர். வாங்கப் போகிறவர்கள் உத்தரவாதக் காலத்தையும் உதிரிப்பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

கேள்வி: சவுண்ட்பாரோடு வந்த சப்வூஃபரை மூலையில் வைத்தேன். ‘பும் பும்’ என்று ஒரே இரைச்சல். கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டிவிட்டார். ஆண் குரல்கூட மூலையிலிருந்து வருவது போல இருக்கிறது.

பதில்: உங்கள் காது கூர்மையானது, கடைசி வரியில் நீங்களே நோயைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். தனித்தனி ஸ்பீக்கர்களில் வழக்கமாக 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் சப்வூஃபரிடம் விடுவார்கள். அந்த ஒலியின் அலை நீளம் 4 மீட்டருக்கு மேல். அது எந்த மூலையிலிருந்து வருகிறது என்று காதால் சொல்வது கடினம். ஆனால் ஒல்லியான சவுண்ட்பாரில் இருக்கும் சின்னக் கூம்புகளால் கனத்த ஒலியைத் தரமுடியாது. அதனால் 150, சிலவற்றில் 200 ஹெர்ட்ஸ் வரை உள்ளதைச் சப்வூஃபரின் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஆணின் பேச்சுக்குரலின் அடித்தளம் 100 ஹெர்ட்ஸை ஒட்டியே இருக்கிறது. ஆகவே ஆளின் முகம் டிவியில், அவர் நெஞ்சு மூலையில்!

அதை மூலையிலிருந்து எடுத்து, சவுண்ட்பாருக்கு மூன்று நான்கு அடிக்குள் முன்சுவரோரமாக வையுங்கள். மூலையில் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து கனத்த ஒலியை ஊதிப் பெருக்குகின்றன. அறையின் நீளத்துக்கு ஏற்ப ஒரு குறிப்பிட்ட ஒலி மட்டும் தேங்கி நிற்கும், 4.3 மீட்டர் நீள அறையில் அது 40 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். உங்கள் ‘பும் பும்’ அந்தத் தேக்கம்தான். சில அடி நகர்த்தினாலே மாறிவிடும். எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால் சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இருக்கையில் வைத்து, கனத்த இசையை ஓடவிட்டு, முன்சுவர் ஓரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எங்கே ஒலி சீராக, ஒவ்வொரு அடியும் பிரிந்து கேட்கிறதோ அங்கே பெட்டியைக் கொண்டுவந்து வையுங்கள். வீட்டில் உள்ளவர்கள் வேடிக்கை பார்த்தால் பார்க்கட்டும். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கீழ்வீட்டுக்காரருக்கு: பெட்டியின் அடியில் தடித்த நுரை ரப்பர் வைத்தால் தரை வழியாக இறங்கும் அதிர்வு குறையும். ஆனால் காற்று வழியாகப் போகும் கனத்த ஒலியைச் சுவரோ தரையோ முழுக்க நிறுத்தாது. இரவில் சப்வூஃபரை அணைத்துவிடுங்கள். அவர் தூக்கமும் முக்கியம்.

கேள்வி: ஒரு பெட்டியில் 1000 வாட், இன்னொன்றில் 300 வாட். விலை ஏறக்குறைய ஒன்று. எது?

பதில்: எந்த வாட் என்று கேளுங்கள். ஆர்.எம்.எஸ். என்றால் தொடர்ந்து தரக்கூடிய திறன். உச்சம், பி.எம்.பி.ஓ. என்றெல்லாம் போட்டிருந்தால் கண நேரத்துக்குச் சொல்லும் கணக்கு. அதை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. மெய்யாகவே வாட் இரட்டித்தாலும் சத்தம் 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு அது கொஞ்சம்போலத்தான் தெரியும். இரு மடங்கு உரக்கக் கேட்பதாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். வீட்டுக் கூடத்தில் பத்தடித் தூரத்துக்கு இரண்டுமே போதும். பேச்சு எதில் தெளிவாக இருக்கிறது என்று கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: சவுண்ட்பாரைப் புளூடூத்தில் டிவியோடு இணைத்திருக்கிறேன். உதடு அசைந்த பிறகு பேச்சு வருகிறது. பழுதா?

பதில்: பழுதில்லை, வழி தவறு. புளூடூத் ஒலியைச் சுருக்கி அனுப்பி மறுபடி விரிப்பதற்குள் பேச்சு பின்தங்கிவிடுகிறது. ஒலி முந்தினால் 45 மில்லி விநாடியிலும், பிந்தினால் 125 மில்லி விநாடியிலும் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார் என்பது ஒளிபரப்புத் துறையில் வைத்திருக்கும் அளவு. பாட்டுக்குப் புளூடூத் இருக்கட்டும். படத்துக்கு எச்.டி.எம்.ஐ. கேபிளை மாட்டுங்கள். டிவியில் உள்ள துளைகளில் ‘ஏ.ஆர்.சி.’ (டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் வழி) என்று எழுதியிருக்கும் துளையில்தான் மாட்டவேண்டும், மற்றதில் மாட்டினால் சத்தமே வராது. 2009 முதல் வரும் இந்த ஏ.ஆர்.சி. வழியில் இணையப் படங்களின் சுருக்கிய அட்மாஸ்கூடப் போகும், டிவியும் பெட்டியும் அதை ஏற்றால். வட்டில் வரும் தரம் குறையாத ஒலிக்கு 2017இல் வந்த அதன் மேம்பட்ட வடிவமான இ-ஏ.ஆர்.சி. இரண்டு பக்கமும் இருக்கவேண்டும்.

கேள்வி: படம் அரிதாகத்தான் பார்ப்பேன். பாட்டு கேட்பதே என் வாழ்க்கை. சவுண்ட்பார் போதுமா?

பதில்: போதாது. ஸ்டீரியோ இசையைக் கேட்க உங்களுக்கும் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே சமபக்க முக்கோணம் அமையவேண்டும், அதாவது 60 பாகைக் கோணம். சவுண்ட்பாரின் இரு முனைகளும் 80 சென்டிமீட்டர் தள்ளி இருந்து நீங்கள் 3 மீட்டரில் உட்கார்ந்தால் கோணம் 15 பாகைதான். மொத்தக் கச்சேரியும் ஒரு சன்னலுக்குள் நெருக்கியடித்து நிற்கும். அதே பணத்துக்கு நல்ல இரண்டு ஸ்பீக்கரும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரும் வாங்குங்கள். பாடுகிறவர் நடுவில் வந்து நிற்பார். முதல் நாள் அதைக் கேட்டதும் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: எனக்குப் பார்வை இல்லை. படங்களை ஒலி விளக்கத்தோடு கேட்பேன். யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள், கதவு எங்கே திறக்கிறது என்பதெல்லாம் எனக்குக் காதுதான். தனி அறை, 11 அடிக்கு 11 அடி, நான்கு பக்கமும் சுவர். சவுண்ட்பாரா, தனித்தனி ஸ்பீக்கரா?

பதில்: உங்கள் அறையின் சுவர்களைப் பார்த்தால் சவுண்ட்பாருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. இருந்தும் உங்களுக்கு நான் தனித்தனி ஸ்பீக்கர்களைத்தான் சொல்வேன். மற்றவர்களுக்குத் திரையில் ஆள் தெரிகிறார். ஒலி கொஞ்சம் தள்ளி வந்தாலும் கண் அதை இழுத்துச் சரிசெய்துவிடும். உங்களுக்கு அந்த இழுப்பு இல்லை. ஒலி எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆள். தலையைத் திருப்பினாலும் சாய்ந்து உட்கார்ந்தாலும் அவர் இடம் மாறக்கூடாது. அதற்கு உண்மையான இடத்தில் உண்மையான ஸ்பீக்கர் வேண்டும்.

அமைப்பதற்கு ஒரு கயிறு போதும். உங்கள் நாற்காலியில் ஒரு முனையைக் கட்டுங்கள். ஏறக்குறைய ஐந்தடி நீளத்தில் ஒரு முடிச்சுப் போடுங்கள். ஐந்து ஸ்பீக்கர்களும் அந்த முடிச்சு தொடும் தூரத்தில் இருக்கட்டும். நடு ஸ்பீக்கர் மூக்குக்கு நேரே. முன் இரண்டும் அதிலிருந்து 30 பாகை, கடிகார முகத்தில் சொன்னால் பதினொரு மணியும் ஒரு மணியும். பின் இரண்டும் 110 பாகை சுற்றில், அதாவது காதுக்குக் கொஞ்சம் பின்னால், நான்கு மணி, எட்டு மணி இடங்களிலிருந்து சற்று முன்பக்கம் தள்ளி. உயரம் உட்கார்ந்த நிலையில் உங்கள் காது மட்டம். பின் ஸ்பீக்கர்கள் ஒரு சாண் கூடுதலாக இருக்கலாம்.

பிறகு துணைக்கு ஒருவரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கருக்குப் பக்கத்திலும் நின்று உங்களோடு பேசச் சொல்லுங்கள். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று விரல் நீட்டுங்கள். அடுத்து ரிசீவரின் சோதனை ஒலியை ஓடவிட்டு, அதே விரல் அதே இடத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். போகாத ஸ்பீக்கரை நகர்த்துங்கள். பின் இடதுபுறம்தான் பெரும்பாலும் தகராறு செய்யும், கதவு அந்த மூலையில் இருந்தால். உங்கள் அறையில் கதவு எந்தப் பக்கம் என்று எழுதவில்லையே; அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், அந்த ஸ்பீக்கரை எங்கே நிறுத்துவது என்று சேர்ந்து பார்ப்போம்.